டிக்கிக்குள் நாற்பத்தொரு நிமிடங்கள்

இது கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. பத்தொன்பது வருடமாக, கார் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். எந்த வண்டிக்கு எந்த பிரேக் பேட் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். பேய் உண்டா என்று போன வருடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது கேட்காதீர்கள்.

இன்னொன்று. பேய் என்றால் நடுராத்திரி என்று நினைத்துப் படிக்க உட்கார்ந்திருந்தால் ஏமாந்து போவீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிடத்திலிருந்து நாலு ஐம்பத்து மூன்று வரை. வெளியே சுள்ளென்று வெயில். நான் இருந்த இடத்தில் மட்டும் இருட்டு.

கடையில் என்னை 'பழைய இரும்பு' என்று கூப்பிடுவார்கள். புது வண்டி வாங்கப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன். அதனால் வந்த பெயர். புது வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே அதன் விலை இறங்க ஆரம்பித்துவிடும். அந்த நஷ்டத்தை முதலில் வாங்குகிறவர் சுமக்கட்டுமே, நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது என் கட்சி. அதோடு இப்போது வருகிற வண்டிகளில் ஒரு சென்சார் போனால் போதும், வண்டி நடுரோட்டில் படுத்துவிடும். எங்கே வலிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து சொருக வேண்டும். இருபது வருடத்து வண்டி அப்படி இல்லை. வலித்தால் சத்தம் போடும். காது இருக்கிறவனுக்கு அது போதும்.

அதற்காகப் பழசெல்லாம் தங்கம் என்று அலைகிற ஆள் இல்லை நான். அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிலோமீட்டர் மீட்டரை நான் நம்புவதே இல்லை. அதைத் திருப்பி வைக்க அரை மணி நேரம் போதும். பிரேக் பெடலின் ரப்பரைப் பார்ப்பேன். டிரைவர் சீட்டின் வலது ஓரத்தைப் பார்ப்பேன். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பேன். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் அதன் அடி முனையில் சேற்றுக் கோடு இருக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமான விதி ஒன்று உண்டு: நிறைய ஓடிய வண்டியை வாங்கலாம், நிறைய நின்ற வண்டியை வாங்கக் கூடாது. நின்றே கிடந்தால் ரப்பர் எல்லாம் கல்லாகிவிடும், பெட்ரோல் டேங்க் உள்ளேயே துருப்பிடிக்கும். இந்த விதியை எத்தனையோ பேருக்கு நான் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு அதை நானே மீறினேன். என் தங்கச்சிக்காக.

தங்கச்சி ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். திடீரென்று அவள் வேலை நேரத்தை விடியற்காலை ஐந்து மணிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. வண்டி இல்லாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். மாப்பிள்ளை புது வண்டிக்குக் கடன் வாங்கலாம் என்று குதித்துக்கொண்டிருந்தார். "அண்ணா, நீ பாத்துக் குடு. நீ சரின்னு சொன்னா நான் வாங்கிக்கறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வாரம் தெருத்தெருவாக அலைந்தேன்.

நான்காவதாகப் பார்த்த வண்டி அது. இருபத்திரண்டு வருடத்து கார். கரும்பச்சை நிறம். விற்கிறவர் ஒரு அச்சகம் வைத்திருந்தார். விரல் நகங்களில் எல்லாம் மை. அச்சகத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், துணி மூடி, வண்டி நின்றது.

"எங்க அண்ணனோட வண்டிங்க. அவர் போனதுக்கு அப்புறம் யாரும் எடுக்கல. பதினோரு வருஷம் ஆச்சு" என்றார்.

பதினோரு வருடம் நின்ற வண்டி! அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் துணியை விலக்கியதும் எனக்கே வாயில் எச்சில் ஊறியது. பெயிண்ட் கம்பெனியில் அடித்தபடியே இருந்தது. கதவு மூடும் சத்தம் திருத்தமாக இருந்தது. ரப்பர்களைப் போன மாதம்தான் மாற்றியிருந்தார். பேட்டரியும் டயரும் புதுசு. சாவியைத் திருப்பியதும் ஒரே தடவையில் என்ஜின் பிடித்துக்கொண்டது. தங்கச்சி என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் பொம்மைக் கடை முன்னால் நின்று பார்ப்பாளே, அதே பார்வை. என் விதி அங்கேயே காற்றில் போய்விட்டது.

வண்டிக்குள் எல்லாம் பழசு, எல்லாம் கம்பெனிச் சாமான். ஒன்றே ஒன்று மட்டும் புதுசு. டிக்கிக்குள் விரித்திருந்த கார்ப்பெட். மடித்து வைத்திருந்த கோடுகள்கூட அதில் இன்னும் போகவில்லை. லேசாக பினாயில் வாசனை வந்தது.

"இதை மட்டும் ஏன் மாத்தினீங்க?"

"எலி" என்றார் அச்சகக்காரர். டிக்கியிலிருந்து நாலடி தள்ளித்தான் நின்றார். நான் பார்க்கும்போதெல்லாம் அதே நாலடி தூரத்தில் நின்றார்.

ஓட்டிப் பார்த்தேன். என்ஜின் வெண்ணெய். கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. ஆனால் பின்னால் ஒரு சத்தம். டொக் டொக். பள்ளத்தில் இறங்கினால் வரவில்லை. நல்ல வழவழப்பான ரோட்டில் போகும்போது வந்தது. டொக் டொக். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி டொக் டொக். கொட்டகைக்குத் திரும்பி வந்து ஷாக் அப்சார்பர் பார்த்தேன், சரியாக இருந்தது. அதன் ரப்பர் புஷ் சரியாக இருந்தது. ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். எதுவும் ஆடவில்லை.

இப்படி ஒரு சத்தம் பிடிபடாவிட்டால் எங்கள் ஆட்கள் ஒன்று செய்வார்கள். ஒருவர் டிக்கிக்குள் படுத்துக்கொள்வார். மூடிவிட்டு இன்னொருவர் ஓட்டுவார். உள்ளே படுத்தால் சத்தம் எந்தப் பக்கம், எந்த மூலை என்று காதுக்குத் தெரிந்துவிடும். படித்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் பட்டறைகளில் காலங்காலமாக நடக்கிற வேலை இது. அதற்கு ஒரு கணக்கும் உண்டு. உள்ளே இருப்பவர் ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு தட்டினால் நிறுத்து. நானும் தங்கச்சியும் இதற்கு முன்னால் பார்த்த மூன்று வண்டியிலும் இப்படித்தான் செய்தோம்.

நான் டிக்கியில் காலை வைத்ததும் அச்சகக்காரர் முகம் மாறியது.

"உள்ள படுக்காதீங்க. வேண்டாங்க."

"ஏன்?"

"வேண்டாங்க. விலை வேணா குறைச்சுக்கறேன்."

இந்த இடத்தில்தான் என் புத்தி புல் மேயப் போனது. விற்கிறவர் ஒரு இடத்தைப் பார்க்க வேண்டாம் என்றால் அங்கேதான் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். பத்தொன்பது வருட அனுபவம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. வீம்பாக ஏறிப் படுத்தேன். கையில் போன், சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

"தெரு முனை வரைக்கும் போ. வலது பக்கம் திரும்பி ஒரு சுத்து சுத்திட்டு இங்கயே வந்துடு. ஏழு நிமிஷம்தான்" என்றேன்.

"மூச்சு முட்டாதா அண்ணா?"

"டிக்கி என்ன காத்துப் போகாத டப்பாவாம்மா? நாள் கணக்குல கெடக்கலாம். மூடு."

மூடினாள். மணி 4:12.

வண்டி கிளம்பியது. முட்டியை மடித்து, இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தேன். காதுக்குக் கீழே டயர் உருளும் சத்தம். சைலன்சர் முனகல். எல்லாம் இருக்க வேண்டியபடி இருந்தது. தங்கச்சி கியர் மாற்றும்போது கொஞ்சம் குலுக்கினாள். மாப்பிள்ளை ஓட்டக் கற்றுக்கொடுத்த லட்சணம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

4:15. டொக் டொக்.

என் காதுக்குப் பக்கத்தில். ஒரு சாண் தள்ளி. வண்டி பிரேக் போட்டு நின்றது.

"என்னண்ணா? ஏன் நிறுத்தச் சொன்னே?" முன்னாலிருந்து தங்கச்சி கத்தினாள்.

"நான் தட்டல. வண்டிதான் தட்டுது. நீ போ."

"வண்டி தட்டுமா?" சிரிக்கிறாள்.

"ஓட்டும்மா!"

வண்டி நகர்ந்தது. போனில் டார்ச்சைப் போட்டேன். சத்தம் வந்த இடத்தில் இரும்புத் தகடுதான் இருந்தது. கையால் அழுத்தினேன். கெட்டியாக இருந்தது. இங்கிருந்து சத்தம் வர வழியே இல்லை. டார்ச்சை மேலே, மூடியின் உட்பக்கம் திருப்பினேன்.

கீறல்கள்.

மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆனாலும் பள்ளம் தெரிந்தது. நிறையக் கீறல்கள். ஏதோ கம்பி, சாமான் ஏற்றியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தேன். நாலு நாலு கோடாக இருந்தன. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, என் விரல்களை அதன் மேல் வைத்துப் பார்த்தேன்.

பொருந்தியது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். மணி பார்த்தேன். 4:19. இந்நேரம் வலது பக்கம் திரும்பிக் கொட்டகைக்கு வந்திருக்க வேண்டும். வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தது. வேகம் கூடியது. குலுக்கல் இல்லை. கியர் சுத்தமாக விழுந்தது. தங்கச்சி அப்படிப் போட மாட்டாள்.

இரண்டு தட்டு தட்டினேன்.

நிற்கவில்லை.

மறுபடி தட்டினேன். உள்ளங்கை வலிக்கத் தட்டினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். டயர் சத்தம் மாறியது. தார் ரோடு இல்லை இப்போது. ஜல்லி. கீழே சடசடவென்று கல் தெறித்தது. எங்கள் சுற்றில் ஜல்லி ரோடே கிடையாது.

4:24. வண்டி இடது பக்கமாக இழுத்தது. ஒரு சக்கரம் எதிலோ ஏறி இறங்கியது. நின்றது. உடனே ஹாரன்.

ஒரே ஹாரன். விடாமல். நீளமாக…

பிறகு அதுவும் நின்றது. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை. யாரும் இறங்கவில்லை.

தங்கச்சிக்கு என்னவோ ஆகிவிட்டது. மயங்கி விழுந்துவிட்டாள். எங்கேயோ ஒரு ஓரத்தில், ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடக்கிறாள். நான் இங்கே டிக்கிக்குள். பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் முழு இரும்புத் தகடு. அந்தக் காலத்து வண்டி. கெட்டியான வண்டி. எவ்வளவு பெருமையாகப் பேசியிருக்கிறேன் அதைப் பற்றி! உதைத்தேன். அசையவில்லை. அழுகை வந்துவிட்டது.

4:27. அவள் நம்பருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணா! ஏன் பதிலே சொல்ல மாட்டேங்கறே? எவ்ளோ நேரமா கத்தறோம்!"

"உனக்கு ஒண்ணும் இல்லையே? ஏன் வண்டிய அங்க கொண்டு போனே?"

"எங்க?"

"நீ ஏன் இவ்ளோ தூரம் ஓட்டினே?"

அவள் குரல் இறங்கிவிட்டது.

"அண்ணா… வண்டி கொட்டகையிலதான் நிக்குது. நான் திரும்பி வந்து எட்டு நிமிஷம் ஆச்சு. டிக்கி திறக்க மாட்டேங்குது. சாவி திரும்புது, மூடி வரல. அவர் கடப்பாரை தேடப் போயிருக்காரு."

"என்ஜின் ஓடுதே!"

"சாவி என் கையில இருக்கு."

என் முதுகுக்குக் கீழே என்ஜின் அதிர்ந்துகொண்டிருந்தது.

"நீ பயப்படாத. தட்டிட்டே இரு அண்ணா. நீ தட்டறது நல்லா கேக்குது."

ஒரு கையில் போன். இன்னொரு கை என் நெஞ்சின் மேல்.

"நான் தட்டல" என்றேன்.

டொக் டொக்.

போன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டேன். போகவில்லை.

4:31. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். டிக்கிப் பூட்டை உள்ளேயிருந்து திறக்க எனக்குத் தெரியும். நாக்கைத் தள்ளினால் போதும். தள்ளினேன். க்ளிக். திறந்துகொண்டது. கண்ணால் பார்த்தேன், கொக்கி முழுதாக விலகியிருந்தது. மூடியைப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை.

தள்ளினேன். வரவில்லை.

இரண்டு முட்டியையும் கொடுத்து, முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். ஒரு மயிரிழைகூட நகரவில்லை. முன்னால் கதவு திறக்கும் சத்தம், அவசரக் குரல்கள், ஓடும் காலடிகள்; நான் கத்தியது என்ஜின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை.

4:36. என்ஜின் இரண்டு இருமல் இருமி நின்றது. யாரும் நிறுத்தவில்லை. தானாக நின்றது.

அமைதி. என் மூச்சு மட்டும் கேட்டது.

இல்லை… என் மூச்சு மட்டும் இல்லை. நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன். இன்னொன்று கேட்டது. மெதுவாக. வறண்டு போன தொண்டையில் வரும் மூச்சு. டார்ச்சைத் திருப்ப எனக்குத் தைரியம் இல்லை. அணைத்துவிட்டேன்.

4:38. வெளியே சங்கிலி சத்தம். யாரோ ஆண்கள் பேசுகிறார்கள்.

"ஏத்து… இன்னும் ஏத்து… போதும்."

வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. நான் சரிந்து பின்னால் போய் இடித்தேன். என் மேல் இன்னொரு கனமும் சரிந்தது.

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். என் பக்கத்திலும் தட்டுகிற சத்தம். இரண்டு. இரண்டு. இரண்டு. வெளியே ஒரு பெரிய வண்டியின் என்ஜின் உறுமியது. எங்கள் சத்தம் அதில் கரைந்துபோனது.

ஆமாம். எங்கள் சத்தம் என்றுதான் எழுதியிருக்கிறேன். அப்போது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

4:44. இறக்கினார்கள். ஒரு இரும்பு கேட் மூடிய சத்தம். பூட்டு. பேச்சுக் குரல்கள் தூரமாகப் போயின.

நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் டீ குடித்திருந்தேன். ஆனால் நாள் கணக்கில் தண்ணீர் காணாத தாகம்.

4:49. செருப்புச் சத்தம்.

சரக்… சரக்… சரக்…

யாரோ வருகிறார்கள். டிக்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

கத்த வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

டொக் டொக்.

வெளியே மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. செருப்பு ஓரடி பின்னால் போனது. இன்னும் ஓரடி…

பிறகு ஓடினார்கள். தடதடவென்று ஓடினார்கள்.

திரும்பி வரவே இல்லை.

டொக்… டொக்.

இப்போது மெதுவாக வந்தது. பலம் இல்லை. நடுவில் இடைவெளி நீண்டது.

டொக்…

…

டொக்.

என்னால் தாங்க முடியவில்லை. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. யாருமே பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்களே என்று அழுதேன். இருட்டைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"கேக்குதுங்க… நீங்க தட்டறது எனக்குக் கேக்குதுங்க."

தட்டுவது நின்றது.

என் மணிக்கட்டின் மேல் விரல்கள் பட்டன. குளிர்ச்சியாக. ஒரு நொடி. பிடித்தன… விட்டன.

மூடி தானாக எழும்பியது.

மணி 4:53.

வெயில் கண்ணில் குத்தியது. தகரக் கொட்டகை. வெளியே எடுத்து வைத்த ஸ்டெப்னி அப்படியே கிடந்தது. தங்கச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினாள். கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே முதுகில் நாலு சாத்தினாள். கடப்பாரையை இன்னும் வைக்கவே இல்லை என்றாள். சும்மா திறந்துகொண்டதாம்.

அச்சகக்காரர் கடப்பாரையோடு நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், காலி டிக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கும்பிட்டார்.

"உங்க அண்ணன் எப்படிப் போனார்?" என்று கேட்டேன்.

"மாரடைப்புங்க" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தங்கச்சி அந்த வண்டியை வாங்கவில்லை. மாப்பிள்ளை கடன் போட்டு ஒரு புது வண்டி எடுத்துவிட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடையில் எல்லோரும் பழைய இரும்புக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். தூங்கினால் தாகம் எடுத்து விழித்துக்கொண்டேன். மருந்து சாப்பிட்டேன். எல்லாம் மூச்சுத் திணறலில் வந்த மயக்கம் என்று டாக்டர் சொன்னார். நானும் அதை நம்பத்தான் பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து, பகல் பதினொன்றரை மணிக்கு, ரிப்பேரான வண்டிகளைத் தூக்கிச் செல்லும் ரிக்கவரி லாரி டிரைவர் ஒருவர் கடைக்கு வந்தார். கிளட்ச் பிளேட் வேண்டும் என்றார். ரொம்ப நாள் வாடிக்கைக்காரர். நான் மெலிந்துவிட்டதைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னேன். கரும்பச்சை வண்டி என்றதும் கையிலிருந்த டீயைக் கவுண்டரில் வைத்துவிட்டார்.

"அச்சகக்காரர் வீட்டு வண்டியா?"

"ஆமாம்."

"அதைத் தூக்கிட்டுப் போனவனே நான்தான்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால், அச்சகக்காரரின் அண்ணன் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது மாரடைப்பு வந்திருக்கிறது. ஓரமாக ஒதுக்கியவர் ஹாரன் மேலேயே சாய்ந்துவிட்டார். வழியில் போனவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வண்டியை இவர் கட்டி இழுத்துப் போய், பிடிபட்ட வண்டிகள் நிறுத்தும் யார்டில் விட்டுவிட்டு வந்தார்.

"பின்னாடி ஏதோ சத்தம் வருதுன்னு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கார் அந்த மனுஷன். மெக்கானிக் டிக்கியில படுத்துட்டு வந்திருக்கார். போனைப் பட்டறையிலயே வெச்சுட்டார். உள்ள ஒரு ஆள் இருக்கறது ஓட்டினவருக்கு மட்டுந்தான் தெரியும். அவர்தான் செத்துட்டாரே. என் லாரி சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல… மூணாவது நாள்தான் திறந்தாங்க."

அவர் கண் கலங்கியது. அன்றிலிருந்து எந்த வண்டியைத் தூக்கினாலும் டிக்கியைத் திறந்து பார்க்காமல் கட்டுவதில்லையாம். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"யார்டுல ஒருத்தருக்குமா கேக்கல?" என்றேன்.

அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வாட்ச்மேனுக்குக் கேட்டுது. ஒரு தடவை பக்கத்துல போய் நின்னே கேட்டிருக்கான். ரெண்டு நாள் முழுக்க விடாம கேட்டுதாம். செத்தவர் வண்டியில பேய் தட்டுதுன்னு நெனச்சுட்டு, அந்தப் பக்கமே போகலையாம்."